16 வயதுப் பையன், ‘நடத்தைக் கோளாறு’, 90 நாள் மையம்: சட்டத்தின் சொற்கள் என்ன சொல்கின்றன? (விவாத இழை)

1. வெண்ணாற்றங்கரை (சட்டத் தன்னார்வலர், மன்னார்குடி வட்டம்)

எல்லாருக்கும் வணக்கம். ஊராட்சி முகாம்களில் கொடுக்க ஒரு பக்கத் துண்டறிக்கை எழுத வேண்டியிருக்கிறது. எல்லா ஊரிலும் வரும் கேள்வி ஒன்றுதான். அதை ஒரு மாதிரிச் சூழலாக இங்கே வைக்கிறேன்.

பையனுக்கு 16 முடிந்திருக்கிறது. பதினொன்றாம் வகுப்பில் பாதியிலேயே நின்றுவிட்டான். வலி மாத்திரையைப் போதைக்குப் போடுகிறான், வீட்டில் பொருளை உடைக்கிறான். பள்ளி கொடுத்த கடிதத்தில் ‘நடத்தைக் கோளாறு உள்ள மாணவர்’ என்று இருக்கிறது. அப்பா சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். ‘90 நாள் உள்ளே வைத்தால் சரியாகிவிடும், பெற்றோர் கையெழுத்துப் போட்டால் போதும்’ என்று ஒரு மையம் சொல்கிறது.

கேட்க விரும்புவது நான்கு. சட்டப்படி இவன் மனநோயாளியா? அந்த மையம் மனநல நிறுவனமா? யார் கையெழுத்து செல்லும்? பள்ளிக் கடிதத்துக்கு என்ன மதிப்பு? பிரிவு எண்ணோடு சொன்னால் உதவியாக இருக்கும்.

2. தஞ்சை வழக்கறிஞர்

நல்ல கேள்வி சார். கடைசியிலிருந்து வருகிறேன். பள்ளிக் கடிதத்துக்குத் தகவல் என்ற அளவில் மதிப்பு உண்டு. யாரையும் எங்கும் சேர்க்க அது அதிகாரம் தராது.

அடிப்படை, மனநலப் பராமரிப்புச் சட்டம் 2017. நடைமுறைக்கு வந்தது 29.5.2018. அதன் பிரிவு 2(1)(s) ‘மனநோய்’ என்பதை வரையறுக்கிறது. அதை இரண்டு பாதியாகப் பிரித்துப் படியுங்கள். முதல் பாதி நோய்: சிந்தனை, மனநிலை, புலனுணர்வு, இடம்-காலம்-ஆள் அறிதல், நினைவு இவற்றில் ஏதாவது ஒன்றில் கணிசமான கோளாறு. இரண்டாம் பாதி அதன் விளைவு: முடிவெடுக்கும் திறன், நடத்தை, நிஜத்தை அறியும் திறன், அன்றாடத் தேவைகளைச் சமாளிக்கும் திறன் இவற்றில் ஒன்றையாவது அந்தக் கோளாறு பெருமளவு குலைத்திருக்க வேண்டும்.

‘நடத்தை’ எந்தப் பாதியில் நிற்கிறது என்று பாருங்கள். விளைவின் பக்கம். நடத்தை கெட்டிருப்பது மட்டும் இந்த வரையறைக்குள் யாரையும் கொண்டுவராது. அதற்குப் பின்னால் முதல் பாதியில் உள்ள ஒன்று இருப்பதாக மருத்துவர் காட்ட வேண்டும். முகாமில் இதை மட்டும் புரியவைத்தாலே பாதிப் பிள்ளைகள் தப்பிப்பார்கள்.

1987 சட்டம் இவ்வளவு இறுக்கமாக இல்லை. ‘மனவளர்ச்சிக் குறைவு தவிர்த்த எந்த மனக் கோளாறாலும் சிகிச்சை தேவைப்படுபவர்’ என்றால் போதும். பழைய படிவங்களை வைத்திருக்கும் இடங்களில் இன்னும் அந்த மனப்போக்கு இருக்கிறது.

ஆனால் உங்கள் மாதிரிப் பையனுக்கு வேறொரு கதவு திறந்திருக்கிறது. அதே வரையறை ‘மது, போதைப்பொருள் தவறான பயன்பாட்டோடு தொடர்புடைய மனநிலைகள்’ என்று தனியாகச் சேர்க்கிறது. ஆகவே மாத்திரைப் பழக்கம் அவனை இந்தச் சட்டத்துக்குள் கொண்டுவர முடியும். பொருளை உடைத்தது கொண்டுவராது.

பிரிவு 3-ஐயும் துண்டறிக்கையில் போடுங்கள். நோயைத் தீர்மானிக்க வேண்டியது ஏற்கப்பட்ட மருத்துவ அளவுகோல்படி, அதாவது உலக சுகாதார அமைப்பின் நோய்ப் பகுப்பு உள்ளிட்டவற்றின்படி. ஊரின் ஒழுக்க, சமூக, பண்பாட்டு மதிப்புகளுக்கு ஒத்துப்போகவில்லை என்பதை வைத்துத் தீர்மானிக்கக் கூடாது என்று 3(3) சொல்கிறது. சாதி மாறிக் காதலித்த பெண்ணுக்கு ‘மனசு சரியில்லை’ என்று சீட்டு வாங்க வருகிறவர்களுக்கு இதுதான் பதில். முன்பு சிகிச்சை எடுத்தான் என்பது மட்டும் இன்றைய தீர்மானத்துக்குக் காரணமாகாது, அது 3(4).

3. மகாமகக்குளம் (மனநல சமூகப் பணியாளர், கும்பகோணம்)

வக்கீல் சார் சொன்னதோடு மருத்துவப் பக்கம். இப்போதைய பகுப்பு பதினொன்றாம் பதிப்பு, 2022 ஜனவரி 1 முதல் நடப்பில் உள்ளது. அதில் குறியீடுகள் இப்படி: எதிர்ப்பு மனப்பான்மைக் கோளாறு 6சி90, நடத்தைக் கோளாறு 6சி91, ஓபியாய்டு (அபின் வகை வலி மருந்து) பயன்பாட்டால் வரும் கோளாறுகள் 6சி43. பள்ளி எழுதும் ‘நடத்தைக் கோளாறும்’ 6சி91-ம் பெயரில்தான் ஒன்று. பகுப்பில் உள்ளது நீண்ட காலம் திரும்பத் திரும்ப வரும் தீவிரமான போக்கைக் குறிக்கும். இரண்டு சண்டை, ஒரு கண்ணாடி உடைப்பு அதில் சேராது. ஆசிரியர்கள் அந்தச் சொல்லையே தவிர்த்துவிட்டு, பார்த்ததை மட்டும் எழுதினால் நல்லது: எந்தத் தேதி, என்ன செய்தான், அதற்கு முன் என்ன நடந்தது. மருத்துவருக்கு அது பெரிய உதவி.

அடுத்தது முக்கியமானது. நோய் இருப்பது வேறு, உள்நோயாளியாகச் சேர்ப்பது வேறு. ‘சிறார்’ என்றால் 18 நிறைவடையாதவர், அது 2(1)(t). சிறாரைச் சேர்க்க பிரிவு 87 மட்டுமே வழி.

நியமனப் பிரதிநிதி (சிறாருக்கு அவனது சட்டப்படியான காப்பாளர்), பொறுப்பு மருத்துவ அலுவலரிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டு பேர் தனித்தனியாகப் பையனைப் பார்க்க வேண்டும், சேர்க்கும் நாளிலோ அதற்கு முந்தைய 7 நாள்களுக்குள்ளோ. இருவரும் மனநல மருத்துவராக இருக்கலாம். இல்லையென்றால் ஒருவர் மனநல மருத்துவர், மற்றவர் மனநல வல்லுநர் அல்லது மருத்துவர். இருவரை எப்படி இணைத்தாலும் ஒரு மனநல மருத்துவர் கட்டாயம். இருவரும் தனித்தனியே நான்கு முடிவுக்கு வர வேண்டும்: உள்ளே சேர்க்கும் அளவு தீவிரம், சிறாரின் நலனுக்கு உகந்தது (அவன் விருப்பம் தெரிந்தால் அதையும் கணக்கில் எடுத்து), சேர்க்காமல் தேவையை நிறைவேற்ற முடியாது, வெளியில் இருந்தே தரும் சிகிச்சை எல்லாம் தோற்றது அல்லது பொருந்தாது என்று காட்டப்பட்டுள்ளது.

நான்காவதில்தான் பெரும்பாலும் கோப்பு ஓட்டை விழும். ‘புற நோயாளி சிகிச்சை பலனில்லை’ என்று ஒரு வரி இருக்கும். எந்தத் தேதியில், எங்கே, எத்தனை முறை வந்தான், என்ன மருந்து என்று ஒன்றும் இருக்காது. தாலுகா மருத்துவமனைக்கு மாவட்ட மனநலத் திட்டக் குழு வரும் நாளில் பதிந்த புற நோயாளிச் சீட்டு இருந்தால் அதுவே சான்று. சீட்டைக் கிழித்துப் போடாதீர்கள் என்று அம்மாக்களிடம் சொல்லுங்கள்.

இன்னொரு தவறு: இரண்டாவது ஆள் முதல் ஆளின் குறிப்புக்குக் கீழே ‘உடன்படுகிறேன்’ என்று கையெழுத்துப் போடுவது. அது தனிப் பரிசோதனை ஆகாது. இரண்டு தாள், இரண்டு நேரம், இரண்டு குறிப்பு வேண்டும்.

4. கடைமடை (ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், திருத்துறைப்பூண்டி)

மேடம், ‘மனநல வல்லுநர்’ என்றால் பள்ளிக்கு வரும் ஆலோசகரும் சேர்வாரா? உளவியலில் முதுகலை முடித்தவர்தான்.

5. மகாமகக்குளம்

அந்தப் பட்டம் மட்டும் போதாது சார். 2(1)(r)-இல் வருவது மனநல மருத்துவர். மாநில மனநல ஆணையத்தில் பதிவு செய்த மருத்துவ உளவியலாளர், மனநலச் செவிலியர், மனநல சமூகப் பணியாளர். பிறகு ஆயுஷ் முறைகளில் குறிப்பிட்ட முதுநிலைப் பட்டம் பெற்றவர்கள். சித்தாவில் சிறப்பு மருத்துவம் முதுநிலை படித்தவரும் அதில் உண்டு, நம்மில் பலர் கவனிக்காத வரி இது. மருத்துவ உளவியலாளர் என்றால் மேற்பார்வையோடு கூடிய இரண்டு வருட முழுநேர எம்.ஃபில். பள்ளி ஆலோசகர் பேசலாம், ஆற்றுப்படுத்தலாம், அனுப்பி வைக்கலாம். 87-இன் இரண்டாவது கையெழுத்து அவருடையதாக இருக்கக் கூடாது.

6. கடைமடை

சரி. ஆனால் ஒரு மாற்றுக் கருத்து உண்டு. மது, போதை மறுவாழ்வு மையங்கள் சமூக நீதி அமைச்சகத்தின் திட்டத்தில் நடப்பவை. போதைப்பொருள் சட்டம் 1985-இன் பிரிவு 71-ம் மையங்களைப் பற்றிப் பேசுகிறது. அப்படியிருக்க அவற்றை மனநலச் சட்டத்துக்குள் இழுப்பது சரியா? ‘நாங்கள் ஆஸ்பத்திரி இல்லை, மறுவாழ்வு இல்லம்’ என்று சொல்கிறார்களே.

7. தஞ்சை வழக்கறிஞர்

பெயர்ப்பலகை எதையும் தீர்மானிக்காது ஐயா. 2(1)(p)-இல் ‘எந்தப் பெயரால் அழைக்கப்பட்டாலும்’ என்றே எழுதியிருக்கிறார்கள். மனநோய் உள்ளவர்கள் சேர்க்கப்பட்டு, தங்கி, அல்லது வைக்கப்பட்டு, பராமரிப்பு, சிகிச்சை, உடல்நலம் தேறல், மறுவாழ்வு பெறும் இடம். தற்காலிகமாக இருந்தாலும் சரி. அரசு, அறக்கட்டளை, தனியார், யார் நடத்தினாலும் சரி. ‘மறுவாழ்வு’ என்ற சொல் வரையறைக்குள்ளேயே இருக்கிறது. போதையோடு தொடர்புடைய மனநிலையும் மனநோய் வரையறைக்குள் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் படித்தால், ஆளை உள்ளே வைத்துச் சிகிச்சை தரும் போதை மையம் மனநல நிறுவனமே. வேறு துறையிலிருந்து மானியம் வாங்குவது இதிலிருந்து விலக்குத் தராது.

வெளியே நிற்பவை: குடும்பத்தாரோடோ நண்பர்களோடோ அவர் வசிக்கும் வீடு, ஆளைத் தங்கவைக்காமல் பேசி அனுப்பும் ஆலோசனை நிலையம்.

டெல்டாவில் கேட்கவேண்டிய துணைக் கேள்வி கோயில். குணசீலம் போன்ற இடத்தில் ஒரு மண்டலம், 48 நாள், குடும்பத்தோடு தங்கி வழிபடுவது நெடுநாள் வழக்கம். வழிபாடு வழிபாடாக இருக்கும்வரை சட்டம் குறுக்கே வராது. பக்கத்தில் ஒருவர் கொட்டகை போட்டு, கட்டணம் வாங்கி, ஆளைப் பூட்டி வைத்தால் அங்கே நடப்பது ‘வைக்கப்படுதல்’. 6.8.2001-இல் ஏர்வாடி மனநலக் காப்பகத் தீயில் சங்கிலியோடு 28 பேர் கருகியது நமக்குத் தெரியும். எந்த முறையிலும் சங்கிலியால் கட்டக் கூடாது என்று பிரிவு 95 இப்போது தடுக்கிறது.

பதிவு பிரிவு 65. பதிவில்லாமல் நடத்தினால் பிரிவு 107: முதல் முறை 5,000 முதல் 50,000 ரூபாய் வரை, இரண்டாம் முறை 2 லட்சம் வரை, அதற்குப் பிறகு ஒவ்வொரு முறையும் 5 லட்சம் வரை. குடும்பம் மையத்திடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி: ‘மாநில மனநல ஆணையப் பதிவுச் சான்று எங்கே?’ அறக்கட்டளைப் பதிவைக் காட்டினால் அது வேறு.

8. வெண்ணாற்றங்கரை

தெளிவாகிவிட்டது சார். இனி கையெழுத்து. அப்பா சிங்கப்பூரில். அம்மா போட்டால் செல்லுமா? சில வீடுகளில் அம்மாவும் வெளிநாட்டில், ஆயாதான் வளர்க்கிறார்.

9. தஞ்சை வழக்கறிஞர்

பிரிவு 15: சிறாருக்குச் சட்டப்படியான காப்பாளரே நியமனப் பிரதிநிதி. காப்பாளர் யார் என்பதற்குத் தனிச்சட்டத்துக்குப் போக வேண்டும். இந்துக்களுக்கு 1956-ஆம் வருடக் காப்பாண்மைச் சட்டம் பிரிவு 6, ‘தந்தை, அவருக்குப் பின் தாய்’ என்கிறது. 1999-இல் கீதா ஹரிஹரன் வழக்கில் உச்ச நீதிமன்றம், ‘பின்’ என்றால் தந்தை இறந்த பிறகு என்று மட்டும் பொருளல்ல, அவர் இல்லாத நிலையில் என்றும் பொருள் என்று சொல்லிவிட்டது. வெளிநாட்டில் இருந்துகொண்டு அன்றாடப் பொறுப்பில் இல்லாத தந்தைக்காகப் பையனின் சிகிச்சை காத்திருக்க வேண்டியதில்லை. அம்மா கையெழுத்திடலாம்.

ஆயா, சித்தப்பா, அத்தை வளர்த்தாலும் அதனாலேயே காப்பாளர் ஆகிவிட மாட்டார்கள். பெற்றோர் இருவரும் எட்டாத தூரத்தில் என்றால் மனநலச் சீராய்வு மன்றத்தின் (2017 சட்டப்படி சேர்க்கைகளை ஆய்வு செய்யும் அமைப்பு) உத்தரவைக் கேளுங்கள். காப்பாளரே பையனின் நலனுக்கு எதிராக நடந்தால் 15(2)-இன்படி மனநல வல்லுநரோ அவன் நலனில் அக்கறையுள்ள எவருமோ சான்றோடு மன்றத்திடம் விண்ணப்பிக்கலாம். மன்றம் வேறு தகுந்தவரை நியமிக்கும்.

10. இரவுப்பணி (மனநலச் செவிலியர், மயிலாடுதுறை)

வார்டில் தினமும் தடுக்கும் இடம் 87(5), 87(6). நியமனப் பிரதிநிதியோ அவர் நியமிக்கும் உதவியாளரோ, எந்தச் சூழலிலும், தங்கும் நாள் முழுக்கப் பையனோடு இருக்க வேண்டும். பெண் பிள்ளையாக இருந்து பிரதிநிதி ஆணாக இருந்தால் பெண் உதவியாளர் கட்டாயம். ‘பெற்றோர் பார்க்க வரக் கூடாது, 30 நாள் கழித்துத்தான் போன்’ என்று ஒரு மையம் சொன்னால் அந்த வாக்கியமே சட்ட மீறல்.

ஆனால் கூலிக் குடும்பத்துக்கு இது சுமை. நடவு, அறுப்பு நேரத்தில் மூன்று வாரம் ஒருவர் வேலையை விட்டு உட்கார முடியாது. அதற்காக விதியைத் தளர்த்த முடியாது. உதவியாளர் அம்மாவாகவே இருக்க வேண்டும் என்று சட்டம் சொல்லவில்லை. தாய்மாமன், பெரியம்மா, 18 முடிந்த அண்ணன் யாராவது முறை வைத்து இருக்கலாம். யார், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று பிரதிநிதி ஒரு தாளில் எழுதிக் கையெழுத்திட்டுக் கோப்பில் வைக்கட்டும். வாய்மொழியாக விட்டால் ஷிப்ட் மாறும்போது தகராறு வரும்.

87(4): பெரியவர்களோடு ஒரே இடத்தில் வைக்கக் கூடாது, தனி இடம். குடிக்குச் சிகிச்சை எடுக்கும் நாற்பது வயதுக்காரர்களோடு ஒரே ஹாலில் பாய் போட்டால் அது மீறல்.

87(8) பலருக்குத் தெரியாது. பிரதிநிதி ‘இனி வேண்டாம், கூட்டிப் போகிறேன்’ என்றால் விடுவித்தாக வேண்டும். ‘90 நாள் பணம் கட்டியாச்சு’, ‘பாக்கி இருக்கு’ என்பதெல்லாம் ஆளைப் பிடித்து வைக்கக் காரணமல்ல.

அறிவிப்புக் கெடு: சேர்த்த 72 மணி நேரத்துக்குள் சீராய்வு மன்றத்துக்குத் தகவல். 30 நாள் தாண்டினால் உடனே மறு தகவல். அதிலிருந்து 7 நாளுக்குள் மன்றம் ஆய்வு செய்ய வேண்டும், பிறகு ஒவ்வொரு 30 நாளுக்கும். ஆகவே ‘90 நாள்’ என்று முன்கூட்டியே முடிவு செய்த பேக்கேஜுக்குச் சட்டத்தில் இடமே இல்லை. எத்தனை நாள் என்பதை நிலைமைதான் சொல்ல வேண்டும்.

மின்னதிர்வுச் சிகிச்சை சிறாருக்குத் தடை, பிரிவு 95. மனநல மருத்துவர் தேவை என்று கருதினால் காப்பாளரின் ஒப்புதலும் மன்றத்தின் முன் அனுமதியும் இரண்டும் வேண்டும்.

11. கடைமடை

நடு ராத்திரியில் பையன் ஆவேசமாகிவிட்டால் இரண்டு பரிசோதனைக்கு எங்கே போவது அம்மா?

12. இரவுப்பணி

அதற்குப் பிரிவு 94 இருக்கிறது சார். உயிருக்கு ஆபத்து, தனக்கோ பிறருக்கோ கடும் தீங்கு, அல்லது நோயால் நேரடியாக ஏற்படும் கடும் சொத்துச் சேதம் என்றால் எந்தப் பதிவு பெற்ற மருத்துவரும் அவசரச் சிகிச்சை தரலாம், பிரதிநிதி அருகில் இருந்தால் அவர் ஒப்புதலோடு. எல்லை 72 மணி நேரம், அல்லது மனநல நிறுவனத்தில் மதிப்பீடு முடியும்வரை, எது முதலில் வருகிறதோ அது. 108-ஐக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்கு வாருங்கள். மையத்து வேன் வந்து கையைக் கட்டி ஏற்றிப் போவது இந்தப் பிரிவில் அடங்காது.

13. அலையாத்தி (குழந்தைகள் பாதுகாப்புப் பணி, நாகப்பட்டினம்)

இளைஞர் நீதிச் சட்டம் 2015 பக்கத்தையும் சேர்க்க வேண்டும் தோழர்களே, ஏனென்றால் பள்ளிகள் பல நேரம் குழந்தைகள் நலக்குழுவுக்குத் தவறான காரணத்தோடு கடிதம் அனுப்புகின்றன.

அங்கே சொல் ‘குழந்தை’, வயது அதே 18. ‘பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தை’ 2(14)-இல் வருகிறது. மனநோய் உள்ள குழந்தை என்றால் மட்டும் போதாது. ஆதரிக்க யாரும் இல்லை, அல்லது பெற்றோர், காப்பாளர் பராமரிக்கத் தகுதியற்றவர் என்று குழு கண்டறிய வேண்டும். அம்மா மருத்துவமனைக்கு அலைந்துகொண்டிருக்கும் பையனை இந்த உட்பிரிவில் கொண்டுவர முடியாது. ஆனால் போதைப் பழக்கத்துக்கோ கடத்தலுக்கோ இழுக்கப்படும் அபாயத்தில் உள்ள குழந்தைக்குத் தனி உட்பிரிவு இருக்கிறது. கடிதத்தில் எந்த உட்பிரிவு என்று எழுதுங்கள்.

ஏற்கெனவே இல்லத்தில் உள்ள குழந்தைக்கு மனநோயோ நடத்தையை மாற்றும் போதைப் பழக்கமோ இருந்தால் பிரிவு 93. அது இன்னும் 1987 மனநலச் சட்டத்தையே குறிப்பிடுகிறது. பொது வாசகங்கள் சட்டம் 1897-இன் பிரிவு 8-இன்படி, நீக்கப்பட்டு மறுபடி இயற்றப்பட்ட சட்டத்தைக் குறிப்பிடும் இடத்தில் புதிய சட்டத்தை வைத்துப் படிக்க வேண்டும். உத்தரவு எழுதும்போது ‘2017 சட்டம், பிரிவு 87’ என்றே எழுதினால் மருத்துவமனை திருப்பி அனுப்பாது.

மாத்திரை விற்றவரை விட்டுவிடாதீர்கள். தகுதியுள்ள மருத்துவரின் உத்தரவில்லாமல் குழந்தைக்கு மது, புகையிலை, போதைப்பொருள், மனமயக்கப் பொருள் கொடுத்தால் இளைஞர் நீதிச் சட்டத்தின் பிரிவு 77: 7 ஆண்டு வரை கடுங்காவல், 1 லட்சம் வரை அபராதம். இங்கேயும் சொல்தான் சிக்கல். எல்லா வலி மாத்திரையும் ‘மனமயக்கப் பொருள்’ பட்டியலில் இல்லை. டிரமடால் 2018-இல் சேர்ந்தது. ஆகவே காலி அட்டையைத் தூக்கி எறியாதீர்கள். அட்டையின் பின்பக்கம் மருந்தின் மூலப்பெயரும் தொகுதி எண்ணும் அச்சாகியிருக்கும். கத்தரித்த துண்டில் மூலப்பெயர் விழாமல் போகலாம், முழு அட்டை கிடைத்தால் நல்லது. காகித உறையில் போட்டு, எங்கே எப்போது கிடைத்தது என்று எழுதி வையுங்கள்.

14. வெண்ணாற்றங்கரை

ஒன்று விட்டுப்போனது. உயிரை மாய்க்க முயன்று பிழைத்த பிள்ளைகள் வீட்டில், ‘கேஸ் ஆகிவிடும்’ என்று பயந்து மனநல மருத்துவரிடமே போவதில்லை.

15. தஞ்சை வழக்கறிஞர்

மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் பிரிவு 115. முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும், வேறு விதமாக நிரூபிக்கப்படாதவரை. அவரை விசாரித்துத் தண்டிக்கக் கூடாது. அவருக்குப் பராமரிப்பும் சிகிச்சையும் மறுவாழ்வும் தரும் கடமை அரசுக்கு உண்டு. 1.7.2024-இல் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 309-ஐப் போன்ற பொதுக் குற்றமே இல்லை. அரசு ஊழியரைக் கடமையிலிருந்து தடுக்கும் நோக்கத்தோடு முயல்வது மட்டும் 226-இல் இருக்கிறது. மருத்துவமனை போலீசுக்குத் தகவல் கொடுப்பது நடைமுறை. அதைப் பிள்ளை மீதான வழக்கு என்று குழப்பிக்கொள்ள வேண்டாம். அரசின் மனநல உதவி எண்ணான டெலி மனஸ் 14416-ஐயும் குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் பெரிய எழுத்தில் போடுங்கள்.

வயதுச் சான்று பற்றியும் ஒரு வரி. இளைஞர் நீதிச் சட்டம் பிரிவு 94 தரும் வரிசை: பள்ளிப் பிறப்புச் சான்று அல்லது பத்தாம் வகுப்புச் சான்று, இல்லையென்றால் உள்ளாட்சிப் பிறப்புச் சான்று, இரண்டும் இல்லாதபோது மட்டும் எலும்புப் பரிசோதனை. ஆதார் அந்த வரிசையில் இல்லை. உள்ளே இருக்கும்போதே 18 நிறைந்தால் அன்றிலிருந்து மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 88(2): பிரிவு 86-இன் தன்விருப்ப நோயாளியாக வகைப்படுத்த வேண்டும். அதன்பின் அம்மாவின் ஒப்புதல் போதாது, அவனுடையது வேண்டும்.

16. வெண்ணாற்றங்கரை

துண்டறிக்கையின் நடுப்பகுதி இப்படி வருகிறது, பார்த்துச் சொல்லுங்கள்:

“பிள்ளையை எந்த மையத்திலும் சேர்க்கும் முன் கேளுங்கள்: மனநல ஆணையப் பதிவுச் சான்று உண்டா? மனநல மருத்துவர் உட்பட இருவர் தனித்தனியே பார்த்தார்களா? எங்கள் ஆள் கூடவே தங்கலாமா? நாங்கள் கேட்டால் அன்றே அனுப்புவீர்களா? சீராய்வு மன்றத்துக்கு எழுதிய கடித நகல் தருவீர்களா? ஒரு கேள்விக்கு ‘இல்லை’ என்றாலும் சேர்க்காதீர்கள். இலவசச் சட்ட உதவிக்கு 15100.”

17. இரவுப்பணி

நல்லா இருக்கு அண்ணே. ‘சேர்க்காதீர்கள்’ என்று நிறுத்தினால் அம்மா பிள்ளையோடு வீட்டுக்குத் திரும்பிப் போய்விடுவார். அதன் பக்கத்திலேயே ‘அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போங்கள்’ என்று எழுதி, உங்கள் வட்டத்தில் அந்தப் புற நோயாளிப் பிரிவு எந்தக் கிழமை, எத்தனை மணிக்கு என்று விசாரித்துப் போடுங்கள். ‘நகல் தருவீர்களா’ என்பதோடு ‘தேதியும் நேரமும் போட்ட நகல்’ என்று சேர்த்துக்கொள்ளுங்கள். 72 மணி நேரத்தை எண்ண நேரம் வேண்டும். பல கடிதத்தில் தேதி மட்டும்தான் இருக்கிறது.